வாடாத வட்டம்

பச்சையம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றுவிட்டாள்.

வைகாசி மாத மதியம். தோப்பு முழுக்க நரிப்பயற்றுக் கொடி காய்ந்து, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. பலா இலைகள்கூடத் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அவள் காலுக்கு முன்னால் ஒரே ஒரு வட்டம் மட்டும் கரும்பச்சையாக நின்றது. ஏழு தப்படி அகலம் இருக்கும். கொடியும் இலையும் காயுமாக, மார்கழி மாதம் போல இருந்தது அந்த இடம்.

"உள்ள போயி காயைப் பறிச்சிட்டு வந்துரும்மா. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"நான் போவலைங்க சார்."

"ஏன், என்னாச்சு?"

"ஒரு மாதிரியா இருக்குது. காலு வெக்க மனசு வரல."

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் சத்தமாக வராது, கிண்டலாக வரும். அதுதான் ஆபத்தானது என்று மரகதம், என் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். அன்றும் கிண்டலாகத்தான் பேசினேன். பேசிப் பேசியே பச்சையம்மாவை உள்ளே அனுப்பினேன்.

அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. இதை எழுதாமல் தள்ளிப்போட்டு, இரண்டு வாரமாக குவார்ட்டர்ஸ் கதைகளையும் கேன்டீன் கதைகளையும் சொல்லிக் காலத்தை ஓட்டினேன். தொடர்ந்து படிப்பவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

தண்ணீரை வெளியே தள்ளியவன்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நெய்வேலி மைன்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் பம்ப் ஆபரேட்டராக இருந்தவன். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பெர்மனன்ட் வேலை கிடைத்து வந்தவர். நான் டவுன்ஷிப்பில் பிறந்து, டவுன்ஷிப்பில் படித்து, அவர் போன அதே கேட் வழியாக உள்ளே போனேன்.

நிலக்கரிக்குக் கீழே ஊற்று அழுத்தத்தோடு நிற்கும். இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் மூன்று ஷிஃப்டும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வாழ்நாள் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பூமிக்குள் இருந்த தண்ணீரை வெளியே தள்ளினேன்.

பம்ப் சத்தம் எங்களுக்குக் கேட்கவே கேட்காது. நின்றால்தான் கேட்கும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்விசிறி நின்றால்கூடத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவேன்.

நீர்மட்டம் பார்ப்பதற்கென்று அங்கங்கே குழாய் இறக்கியிருப்பார்கள். அதற்குள் டேப்பை விட்டு, நுனியில் இருக்கும் எடை தண்ணீரைத் தொடும் ஓசைக்காகக் காத்திருக்க வேண்டும். சில குழாய்களில் அந்த ஓசை சீக்கிரம் வராது. குனிந்து காத்திருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு காற்று வந்து கன்னத்தில் படும். கத்திரி வெயிலிலும் அது குளிர்ந்திருக்கும். மண்ணும் இரும்பும் கலந்த ஒரு பழைய வாசனை அதில் உண்டு.

எனக்கு சீனியரான ஓர் ஆபரேட்டர் குழாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகவே மாட்டார். தள்ளி நின்று கையை மட்டும் நீட்டி டேப்பை இறக்குவார். ஏன் என்று கேட்டால், "அது நம்மள மோந்து பாக்குதுடா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோக மாட்டார்.

அந்தக் காற்றை எனக்கு நன்றாகத் தெரியும். இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன்.

பெருக்கிய தோப்பு

ரிடையர் ஆனதும் வடக்குத்துப் பக்கம் ஒரு பலாத் தோப்பு வாங்கினேன். இருபத்திச் சொச்சம் பலா, ஓரத்தில் ஐந்தாறு முந்திரி. நடுவில் கிடந்த வெற்றிடத்தில் கொய்யாக் கன்று வைத்தேன். விற்றவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். பெயர் வேண்டாம். பத்திரம் முடிந்த பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பச்சையம்மா, "நானே வந்துகினு இருக்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள். ஐம்பதை நெருங்கிய வயது. சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. அடுத்தவர் மண்ணில் சின்ன வயதிலிருந்து குனிந்து நிமிர்ந்தவள். கணவன் இல்லை. கலைச்செல்வி என்று ஒரே மகள், ஜெராக்ஸ் கடையில் வேலை.

பச்சையம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தோப்பைப் பெருக்குவாள்.

முந்திரி விழும் காலத்துக்கு முன்னால் மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம்தான். கொட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாம்பு கிடந்தாலும் தெரிய வேண்டும். ஆனால் பச்சையம்மா முந்திரியோடு நிறுத்த மாட்டாள். பலா, கொய்யா, வரப்பு, வாசல் எல்லாம் பெருக்குவாள். தரை சிமெண்டு போட்டது மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு புல் தலை நீட்டினால் போதும், உட்கார்ந்து பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை.

முதல் ஐப்பசியில் குடையைப் பிடித்துக்கொண்டு தோப்பில் நின்று பார்த்தேன். பெய்த மழை அத்தனையும் தரையில் வழுக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. மழை நின்று இரண்டு நாளில் மண்ணைக் கிளறினால் இரண்டு விரல்கடைக்குக் கீழே புழுதி. முப்பது வருஷம் தண்ணீரை வெளியே தள்ளியவன், இனிமேலாவது ஒரு சொட்டை உள்ளே விடலாம் என்று பார்த்தால், அதுவும் ரோட்டுக்குப் போகிறது.

அடுத்த புரட்டாசியில் நரிப்பயறும் கொழுஞ்சியும் வாங்கி வந்து தோப்பு முழுக்க விதைத்தேன். தரையை மூடிப் படரும் செடி இருந்தால் மழைத்துளி மண்ணை அறையாது, வெயிலும் நேராகப் படாது, வேர் போன வழியில் தண்ணீர் இறங்கும். இதெல்லாம் பலரும் சொல்லிப் படித்தது. பச்சையம்மாவுக்கு மட்டும் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"தோப்புன்னா தோப்பு மாதிரி இருக்கணும் சார். இது பொறம்போக்கு மாதிரி இருக்குது."

"மண்ணு குளுந்து கிடக்கும்மா."

"பாம்புதான் குளுந்து கெடக்கும்."

துடைப்பத்தை முந்திரி மரத்தில் சாத்தி வைத்துவிட்டு, யாரோ செத்த வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டாள்.

கம்பி இறங்கும் ஆழம்

மீட்டர் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. வெல்டிங் பட்டறையில் விரல் பருமனில் ஒரு கம்பி வாங்கி, நுனியைக் கூராக்கி, சாண் கணக்கில் பெயின்ட் கோடு போட்டேன். என் தோள் உயரம் இருக்கும். கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டேன். வாரத்துக்கு ஒருநாள் தோப்பில் அங்கங்கே குத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஈரம் இருக்கும் வரைக்கும் கம்பி இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். இறங்கிய அளவை ஷிஃப்ட் லாக் புத்தகம் மாதிரி ஒரு நோட்டில் எழுதினேன். இடம், அளவு, குறிப்பு என்று மூன்று கட்டம்.

மழைக்காலத்தில் கம்பி வெண்ணெயில் போவது போலப் போனது. ரோட்டுக்கு ஒரு சொட்டு ஓடவில்லை. பெருமை தாங்காமல் டவுன்ஷிப்பில் என்னோடு வாக்கிங் போகும் இரண்டு ரிடையர்டு நண்பர்களைக் கூட்டி வந்து காட்டினேன்.

தை பிறந்ததும் கொய்யாக் கன்றுகள் வாட ஆரம்பித்தன. கம்பி ஒரு சாணுக்கு மேல் இறங்க மறுத்தது. உயிரோடு இருக்கும் கொடியும் குடிக்கத்தானே செய்யும்? மழை இருக்கும் வரை அது தண்ணீரை உள்ளே விட்டது. மழை நின்றதும் கன்றுகளோடு பந்திக்கு உட்கார்ந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னன்" என்று பச்சையம்மா சொல்லவில்லை. அதைவிட மோசம், என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

கொடியை அறுத்து அங்கங்கேயே பரப்பினோம். அதன் பிறகு கம்பி மறுபடி இறங்கியது. அறுத்துப் பரப்பிய கொடிக்குக் கீழே கையை விட்டால் சில்லென்று இருந்தது. கன்றுகள் தலை நிமிர்ந்தன. மழையில் வளர விட வேண்டும், வெயில் வருவதற்குள் அறுத்துப் படுக்கப் போட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். மாசியில் விழுந்த தூறலுக்கு அறுத்த கட்டையிலிருந்தே மறுபடி துளிர்த்துப் படர்ந்தது. அதை விதைக்காக விட்டேன். வாக்கிங் நண்பர்கள் இருவருக்கும் விதை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

கோடுகள்

சித்திரையில் கொடி காயத் தொடங்கியது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காயவில்லை.

முதலில் ஒரு கோடு மஞ்சளானது. மூன்று பலாவுக்கு நடுவில், முழ அகலத்தில், நூல் பிடித்தது போல நேராக ஓடியது. இரண்டு நாள் கழித்து அதற்குக் குறுக்கே இன்னொன்று. பிறகு இணையாக ஒன்று. மூலைகள் கச்சிதமாகக் கூடின. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பச்சை. கோட்டில் மட்டும் சருகு.

பூச்சி என்று நினைத்தேன். பூச்சி மூலைமட்டம் வைத்துத் தின்னாது.

ஒருநாள் சாயங்காலம் மரகதம் பிளாஸ்கில் டீ கொண்டு வந்தாள். அந்தக் கோடுகளின் ஓரிடத்தில், இரண்டரை முழத்துக்கு, மஞ்சள் விட்டுப் பச்சையாக இருக்கும். அவள் அந்த இடைவெளி வழியாக வந்தாள். வந்தவள் அதற்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டிருந்தாள்.

"செருப்பை ஏன் கழட்டுன? முள்ளு கிடக்கும்" என்றேன்.

அவள் காலைக் குனிந்து பார்த்தாள். "தெரியலையே. கழட்டணும்னு தோணுச்சு" என்றாள். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "வாங்க, போயிரலாம்" என்றாள். வழக்கமாகச் சூரியன் இறங்கும் வரை இருப்பவள்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பச்சையம்மா ஒருநாளும் அந்தக் கோடுகளைத் தாண்டுவதில்லை. சுற்றிக்கொண்டு போய், அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைந்து, அதே வழியாக வெளியே வருவாள். கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. பக்கத்துத் தோப்பு தணிகாசலத்தின் ஆடுகளும் அப்படித்தான் வந்து போயின. நான் வேண்டுமென்றே ஒருநாள் கோட்டைத் தாண்டிக் குதித்தேன். தாண்டிய பிறகு கால் கூசியது.

கம்பியால் குத்தினேன். கோட்டில் ஒரு சாண் இறங்கியதும் "ணங்" என்றது. கல். தோண்டவில்லை, தோண்டத் தேவையும் இல்லை. குவார்ட்டர்ஸ் கட்டும் போது எத்தனை அஸ்திவாரம் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, நடை, வாசல். அஸ்திவாரக் கல்லுக்கு மேலே மண் ஆழம் கம்மி, அதனால் அங்கே கொடி முதலில் காய்கிறது. தோப்பாவதற்கு முன்னால் இங்கே யாருடைய வீடோ இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் பெருக்கிய தரையில் தெரியாதது, நான் விதைத்த கொடியால் தெரிகிறது.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. யாருடைய வீட்டு வாசலிலோ நின்று தினமும் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசலுக்கு எதிரே, பத்தடி தள்ளி, இருந்தது அந்த வட்டம்.

நோட்டில் எழுதியது

சுற்றிலும் எல்லாம் சருகான பிறகும் வட்டம் வாடவில்லை. காலையில் மற்ற இடத்தில் பனி உலர்ந்த பிறகும் அங்கே இலையில் நீர் முத்து நிற்கும். விளிம்பில் நின்றால் கணுக்காலுக்குக் குளிர்ச்சி தட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் தோப்பு முழுக்கக் கத்திக்கொண்டு குதிக்கும், அதற்குள் மட்டும் இறங்காது. ஆடுகள் விளிம்பில் வரிசையாக நின்று கழுத்தை நீட்டித் தின்னும், முன்னங்காலை உள்ளே வைக்காது. நடுப்பகுதி லேசாகக் குழிந்து, கொடிகளின் நுனிகள் எல்லாம் அந்தக் குழியைப் பார்த்துப் படர்ந்திருந்தன.

வீடு இருந்த இடத்தில், வாசலுக்கு எதிரே, வட்டமாக என்ன இருக்கும்? ஒன்றாம் கிளாஸ் பிள்ளை சொல்லும். நான் சொல்லவில்லை. "மூடுபயிர் வெற்றி" என்று நோட்டில் எழுதினேன். நண்பர்களைக் கூட்டி வந்து காட்டினேன். "பாத்தீங்களா, இந்த வெயில்லயும் எப்படி நிக்குது!" என்றேன். அவர்கள் கை கொடுத்தார்கள். அந்த வட்டத்தில் மட்டும்தான் காய் முற்றியிருந்தது, அதிலிருந்துதான் விதை. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

வியாழக்கிழமை நானே காய் பறிக்கலாம் என்று போனேன். வட்டத்துக்குள் இரண்டு எட்டு வைத்தேன். பழக்க தோஷத்தில் கம்பியை ஊன்றினேன்.

அழுத்தவே இல்லை. அது தானாகப் போனது. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. பிறகு டியூப் சுற்றிய கைப்பிடி என் உள்ளங்கையை உரசிக்கொண்டு வழுக்கியது. பிடிப்பதற்குள் கம்பி இல்லை.

ஓசைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

கொடிகளுக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து காற்று வந்து என் முகத்தில் பட்டது. குளிர்ந்த, மண்ணும் இரும்பும் கலந்த, எனக்கு முப்பது வருஷம் பழக்கமான காற்று.

நான் கூச்சல் போடவில்லை. திரும்பவும் இல்லை. வந்த காலடித் தடத்திலேயே, ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து வெளியே வந்தேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் வெயிலில் நின்று என்னைத் தேற்றிக்கொண்டேன். எலி வளையாக இருக்கும். கரையான் புற்றாக இருக்கும். வேர் அழுகிய பொந்தாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வேறு வருகிறார்கள். நோட்டை எடுத்தேன். அளவு: முழுவதும் இறங்கியது. குறிப்பு: ஈரம் மிக நன்று.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கயிறு

சனிக்கிழமை பச்சையம்மாவை அந்த விளிம்புக்குக் கூட்டிப் போனேன்.

அவள் மாட்டேன் என்றதும் கிண்டலை ஆரம்பித்தேன். பாம்பு கிடக்கும் தோப்பில் வெறுங்கையால் புல் பிடுங்குகிறவளுக்குப் பயறு பறிக்கப் பயமா என்றேன். என்னைவிட எடை கம்மியாக இருப்பவள் இவள்தான் என்றும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கடைசியில் அவள் சொன்னாள்: "சரி, போறன். பழம் எறக்குற கயித்த இடுப்புல கட்டிகினு போறன். நீங்க அந்தாண்ட மரத்துல கட்டுங்க."

பலாப்பழத்தை மேலேயிருந்து போட முடியாது. கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். சீசன் என்பதால் அது மரத்தடியில் கிடந்தது.

"என்னம்மா, கிணத்துலயா எறங்கப் போற?" என்று சிரித்தேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகும் நிறுத்தவில்லை. கயிற்றின் மறு நுனியைப் பக்கத்துப் பலாவில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, காலை மரத்தில் ஊன்றி இழுத்துப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கட்டுகிறவன் அப்படி இழுத்துப் பார்க்க மாட்டான்.

அவள் இறங்கினாள். ஓரமாகவே கொஞ்ச நேரம் பறித்தாள். காய்கள் கூடையில் விழும் சத்தம் கேட்டது. "நடுவுலதான்மா நல்லா முத்தியிருக்கு" என்றேன். நடுவுக்குப் போனாள்.

கொடிகள் அசைந்தன. காற்று இல்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் அவை மெல்ல நடுவை நோக்கி நகர்ந்தன, விரித்த பாயை யாரோ நடுவில் பிடித்துக் கீழே இழுப்பது போல. பச்சையம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள். அடுத்த கணம் அங்கே அவள் இல்லை.

அலறல் இல்லை. இடிந்த சத்தம்கூட இல்லை. கயிறு விறைத்து நின்றது. பலாப் பட்டையில் கயிறு அறுத்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்தது. தவிட்டுக்குருவிகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

"பச்சையம்மா!"

பிறகு தரைக்குள்ளிருந்து, அவள் குரல் போலவே இல்லாத ஒரு பெரிய குரல் வந்தது.

"சார்... கயித்த உட்ராதீங்க. காலு எட்டல."

தணிகாசலமும் அவர் மச்சினரும் ஓடி வந்தார்கள். தகரத் தட்டிகளைப் போட்டு அதன் மேல் குப்புறப் படுத்து இழுத்தோம். கையெல்லாம் பலாப் பால். பிசின் போல ஒட்டிக்கொண்டு கயிற்றை விடவே விடவில்லை, அது நல்லதாகப் போயிற்று. அவள் தலை வெளியே வந்தபோது முகம் முழுக்க சாம்பல் நிற மண். கண் மட்டும் திறந்திருந்தது.

தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கீழ தண்ணி இல்ல சார். குளுந்த காத்துதான் வருது. யாரோ மூச்சு உட்டுகினு இருக்காப்பல."

துடைப்பம் காத்தது

அன்று சாயங்காலம் மேல்பட்டாம்பாக்கத்துக்காரருக்கு போன் போட்டேன். "ஆமாங்க, ஒரு கெணறு இருந்துது. தண்ணி வத்திப் போச்சுன்னு எப்பவோ தூத்துட்டோம்" என்றார். பனங்கட்டையும் பலாக் கிளையும் குறுக்கே போட்டு, மேலே மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அடி வரைக்கும் தூர்க்கவில்லை. என்னிடம் சொல்ல மறந்துவிட்டதாம்.

அத்தனை வருஷம் அது ஏன் இடியவில்லை என்று யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பச்சையம்மா பெருக்கிப் பெருக்கி இறுக்கிய தரையில் மழை உள்ளே இறங்கவே இல்லை. உள்ளே கட்டைகள் காய்ந்தபடியே தாங்கிக்கொண்டிருந்தன. நான் கொடி விட்டேன், தரையைப் பொலபொலப்பாக்கினேன், ஒரு ஐப்பசி கார்த்திகை மழை முழுவதையும் உள்ளே அனுப்பினேன். தளர்ந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்தது. கொடி பச்சையாக நின்றது. கட்டைகள் ஊறி அழுகின. நான் கைதட்டல் வாங்கினேன்.

நரிப்பயறு நல்ல பயிர்தான், இப்போதும் விதைக்கிறேன். அது காட்டியதைப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான்தான்.

கிணற்றை அடி வரைக்கும் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்தோம். அதற்கு எத்தனை லோடு போயிற்று என்று லாரிக்காரர் மலைத்துப் போனார்.

அவள் கேட்டது

விலா எலும்பு இரண்டில் விரிசல். ஒரு மாசம் படுத்திருந்தாள். மரகதம் தினமும் சாப்பாடு கொண்டுபோனாள். நான் வைத்தியச் செலவைப் பார்த்தேன், மற்றதைப் பார்த்தேன், அவள் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை.

ஆடி பிறந்து ஒருநாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள், அன்று உட்கார்ந்தாள். மரகதம் காபி போட உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"அன்னிக்கு அந்தக் கயித்த அவ்ளோ இறுக்கமா கட்டினீங்களே. இழுத்து வேற பாத்தீங்க. நான் பாத்துகினுதான் இருந்தன். அடியில கெணறு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. மரகதமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

பச்சையம்மாவின் முகம் தெளிந்தது. ஒரு மாசமாகச் சுமந்ததை இறக்கி வைத்தவள் போல மூச்சு விட்டாள்.

"அதான. தெரிஞ்சா போவச் சொல்லுவீங்களா? எம் பொண்ணுதான் கண்டதையும் பேசிகினு இருந்துது. சார் அப்பிடிப்பட்டவரு இல்லடின்னு சொல்லிட்டன்."

காபி குடித்தாள். மறுநாளே வேலைக்கு வந்தாள். இன்றைக்கும் வருகிறாள். கரண்ட் கம்பி கிடக்கிறதா, ஏணி உறுதியா, பூச்சி மருந்து டப்பாவில் என்ன இருக்கிறது என்று மற்ற எல்லாரிடமும் இரண்டு தடவை கேட்பாள். நான் போகச் சொன்ன இடத்துக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் போகிறாள்.

இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து வாராவாரம் கலைச்செல்வி இதழ் வாங்கிப் போய்த் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாளாம். சார் கதை எழுதுகிறார் என்று தெருவில் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு பச்சையம்மா கேட்பாளாம். இந்த வாரமும் கேட்பாள்.

கலைச்செல்வி, இந்த இடத்துக்கு வந்ததும் அம்மா மனசு கஷ்டப்படும் என்று தாண்டிப் போய்விடாதே. நிறுத்திப் படி.

பச்சையம்மா, எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னைப் போகச் சொன்னேன்.